விய வருடத்துப் பிள்ளைகள்

அன்புள்ள ஐயா,

என் அப்பா 1946 ஐப்பசியில், தமிழ்க் கணக்கில் விய வருடத்தில், பிறந்தவர். அவருடைய சதாபிஷேகத்துக்கு ஒரு சிறு மலர் போடலாம் என்று பிள்ளைகள் நாங்கள் முடிவு செய்திருக்கிறோம். அதில் 'அப்பா பிறந்த ஆண்டு' என்று ஒரு பக்கம் உண்டு. தகவல் தேடியபோது வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வந்தது. கிளின்டன், புஷ், ட்ரம்ப் மூவரும் அந்த ஆண்டுதான் பிறந்தார்களாம். கூடவே ஹாலிவுட் இயக்குநர் ஸ்பீல்பெர்க், ராக் பாடகர் ஃபிரெடி மெர்க்குரி, நம் எஸ்.பி.பி., கிரிக்கெட் வீரர் பிஷன் சிங் பேடி. 'உலகப்போர் முடிந்து வீரர்கள் வீடு திரும்பிய மகிழ்ச்சியில் பிறந்த தலைமுறை' என்று கீழே ஒரு வரி. இது எவ்வளவு தூரம் சரி? ஒரே ஆண்டில் மூன்று ஜனாதிபதிகள் பிறந்தது தற்செயல்தானா? போரில் செத்த ஆண்களுக்கு ஈடாக இயற்கை ஆண் குழந்தைகளாகத் தரும் என்று எங்கள் பாட்டி சொல்வார். அதுவும் உண்மையா?

ச., மன்னார்குடி

அன்புள்ள ச.,

மலர் நல்ல யோசனை. அந்தக் கடைசி வரியை மட்டும் அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

மூன்று ஜனாதிபதிகளையே எடுத்துக்கொள்வோம். ட்ரம்ப் ஜூன் 14, புஷ் ஜூலை 6, கிளின்டன் ஆகஸ்ட் 19. 66 நாள் இடைவெளியில் மூவரும். ஜப்பான் சரணடைந்தது 1945 ஆகஸ்டில். பத்து மாதக் கணக்குப் போட்டால் பட்டியல்காரர் சொல்வது சரி என்றே தோன்றும். ஆனால் அப்பாக்கள் மூன்று பேரும் மூன்று விதம். ட்ரம்பின் அப்பா போருக்கே போகவில்லை. அவர் நியூயார்க்கில் வீடு கட்டி விற்றவர். போர்க்காலத்தில் கடற்படைக்காரர்களுக்குக் குடியிருப்புகள் கட்டினார். டொனால்ட் அவருக்கு நாலாவது பிள்ளை. புஷ்ஷின் அப்பா, பின்னாளில் தானும் ஜனாதிபதியானவர், கடற்படை விமானி. 1944 செப்டம்பரில் பசிபிக்கில் சீச்சி தீவு அருகே அவருடைய விமானம் சுடப்பட்டு விழுந்தது. ரப்பர் படகில் மிதந்தவரை ஒரு நீர்மூழ்கிக் கப்பல் தூக்கிக் காப்பாற்றியது. கூட வந்த இருவரும் பிழைக்கவில்லை. மகன் பிறந்தபோது அவர் யேல் பல்கலைக்கழகத்தில் மாணவர்.

கிளின்டனின் அப்பா வில்லியம் பிளைத். இத்தாலி வரை போய்ப் போரில் பிழைத்து வந்தவர். சிகாகோவில் வேலை கிடைத்தது. கர்ப்பிணி மனைவியை அழைத்துவர 1946 மே மாதம் தெற்கே ஆர்கன்சாவை நோக்கிக் காரில் கிளம்பினார். மிசௌரி மாநிலத்தில் வண்டி கவிழ்ந்தது. வெளியே தூக்கி எறியப்பட்டவர் சாலையோர வாய்க்கால் தண்ணீரில் மூழ்கி இறந்துபோனார். மகன் பிறக்க இன்னும் மூன்று மாதம் இருந்தது. 'வீரர்கள் வீடு திரும்பிய மகிழ்ச்சி' என்று பொத்தாம்பொதுவாக எழுதும்போது இந்த மூவரில் ஒருவருக்குத்தான் அது பொருந்துகிறது.

மூவரும் ஒரே ஆண்டில் பிறந்தது தற்செயல்தான். ஜாதகமெல்லாம் பார்க்க வேண்டாம். ஆனால் அந்தத் தலைமுறை பெரிது என்பது உண்மை. அமெரிக்காவில் 1945-இல் பிறந்த குழந்தைகள் சுமார் 28.6 லட்சம், 1946-இல் 34 லட்சம். அதற்கு முந்தைய தலைமுறை, அதாவது 1920-களின் பின்பாதியிலிருந்து போர் முடியும்வரை பிறந்தவர்கள், ஜனாதிபதி நாற்காலியைப் பார்க்கவே ரொம்பக் காலம் ஆனது. 1924-இல் பிறந்த மூத்த புஷ்ஷிடமிருந்து நேராக 1946-இல் பிறந்த கிளின்டனுக்குத் தாவிவிட்டது. நடுவில் விட்டுப்போனவர்களிலிருந்து ஒருவர் வந்தது 2021-இல்தான்: பைடன், 1942-இல் பிறந்தவர்.

சரி, மகிழ்ச்சியால் மட்டும் பிள்ளைகள் பெருகுமா? மகிழ்ச்சி என்றால் ஓராண்டு, இரண்டாண்டு ஏறிவிட்டு இறங்கியிருக்க வேண்டும். அமெரிக்காவில் அது 1957 வரை ஏறிக்கொண்டே போய் 43 லட்சத்தைத் தொட்டது. காரணம் பணம், வீடு, வேலை. 1944 ஜூனில் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டம் திரும்பிவரும் படைவீரர்களுக்குப் படிப்புச் செலவைக் கொடுத்தது, வீட்டுக் கடனுக்கு அரசே உத்தரவாதம் நின்றது. 1947-இல் நியூயார்க்குக்குப் பக்கத்தில் லெவிட்டவுன் என்று ஒரே அச்சில் வார்த்த ஆயிரக்கணக்கான வீடுகள் எழத் தொடங்கின. வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது என்று அதன் ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. அதே போரில் அதே சீருடையைப் போட்ட கறுப்பின வீரருக்கு அங்கே இடமில்லை. இதையும் சேர்த்துத்தான் அந்தத் தலைமுறையின் கதை.

இனி அமெரிக்காவை விடுவோம். எனக்கு இதில் மிகவும் பிடித்த கதை பிரிட்டனில் நடந்தது. 1930-களில் அங்கே பிறப்பு விகிதம் சரிந்துகொண்டே போக, 'ஏன் யாரும் பிள்ளை பெற மாட்டேன் என்கிறார்கள்' என்று அரசுக்கே கவலை வந்தது. அதைக் கண்டறிய ஒரு கணக்கெடுப்பைத் திட்டமிட்டார்கள். பொறுப்பு ஜேம்ஸ் டக்ளஸ் என்ற மருத்துவருக்கு. 1946 மார்ச் முதல் வாரத்தில் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்தில் பிள்ளை பெற்ற எல்லாத் தாய்மாரையும் போய்ப் பாருங்கள் என்று சுகாதாரப் பணிப்பெண்களை அனுப்பினார். பேறுகால உடைக்கு எவ்வளவு செலவானது, வலி குறைக்க ஏதாவது கொடுத்தார்களா, வேலைக்குப் போய்க்கொண்டிருந்தீர்களா என்று கேள்விகள். 13,687 தாய்மார் பதில் சொன்னார்கள். வேடிக்கை என்னவென்றால், பிள்ளைப்பேறு ஏன் குறைகிறது என்று கேட்கப்போன நேரத்தில்தான் அது தலைதெறிக்க ஏறத் தொடங்கியிருந்தது.

அந்தத் தாய்மார் கையில் பச்சை நிற ரேஷன் புத்தகம் இருந்தது. மற்றவர்களுக்கு வேறு நிறம். பச்சை கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும். கடைக்கு ஆரஞ்சு வந்தால் முதலில் பச்சைப் புத்தகத்துக்குத்தான். அவர்களுக்குத் தினமும் பால் உண்டு, முட்டை இரட்டைப் பங்கு. போரில் ஜெயித்த நாடு அது. ஆனால் போர் நடந்த ஆறு ஆண்டுகளிலும் ரேஷனில் வராத ரொட்டி, போர் முடிந்தபின் 1946 ஜூலையில் ரேஷனுக்கு வந்தது. அந்தக் கோடையில் வீடில்லாத பல ஆயிரம் குடும்பங்கள் காலியாகக் கிடந்த ராணுவ முகாம்களுக்குள் பூட்டை உடைத்துப் புகுந்து குடியேறின. பட்டியல்காரரின் மகிழ்ச்சி இந்த லட்சணத்தில் இருந்தது.

டக்ளஸ் அத்தோடு விடவில்லை. அந்தக் குழந்தைகளில் 5,362 பேரைத் தேர்ந்தெடுத்து வாழ்நாள் முழுக்கப் பின்தொடர ஏற்பாடு செய்தார். அது இன்றும் நடக்கிறது. புகை மண்டிய ஊர்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு நெஞ்சுச்சளி நோய்கள் அதிகம் என்பது இவர்களைப் பார்த்துத் தெரிந்தது. சமமான அறிவுள்ள பிள்ளைகளில் ஏழை வீட்டுப் பிள்ளை பள்ளியில் எப்படிப் படிப்படியாகப் பின்தங்குகிறது என்பதும் தெரிந்தது. ஆண்டுதோறும் ஆய்வுக்குழுவிலிருந்து இவர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அட்டை போகிறது. உங்கள் அப்பா வயதுக்காரர்கள்தான். மலரில் ஸ்டார்களுக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியை இவர்களுக்குக் கொடுக்கலாம்.

அடுத்தது ஜெர்மனியில் பெர்கன்-பெல்சன். 1945 ஏப்ரல் 15 அன்று பிரிட்டிஷ் படை அந்த நாஜி முகாமுக்குள் நுழைந்தபோது புதைக்கப்படாத பிணங்கள் ஆயிரக்கணக்கில் கிடந்தன. டைபஸ் காய்ச்சல் பரவாமலிருக்கக் குடிசைகளை எரித்தார்கள். பிழைத்தவர்களைப் பக்கத்திலிருந்த ஜெர்மானிய டாங்கிப் படையின் கட்டடங்களுக்கு மாற்றினார்கள். பெரும்பாலும் இளைஞர்கள். பெற்றோர் இல்லை, உடன்பிறந்தோர் இல்லை, திரும்பிப்போக ஊரில்லை. அவர்கள் செய்த முதல் வேலை கல்யாணம். ஒரு மணப்பெண்ணுக்கு வெள்ளை உடுப்பு வேண்டும் என்று ஆசை. மாப்பிள்ளை காபிக்கொட்டையும் சிகரெட்டும் கொடுத்து ஒரு பாராசூட்டை வாங்கிவந்தார். முகாமில் இருந்த தையல்காரப் பெண் அதை வெட்டித் தைத்தார். மிச்சத் துணியில் மாப்பிள்ளைக்கு ஒரு சட்டையும் ஆயிற்று. கல்யாணம் 1946 ஜனவரியில். அதன்பின் அதே உடுப்பைத் தங்கைகளும் மற்றப் பெண்களுமாக எத்தனையோ பேர் போட்டு மணம் முடித்தார்கள். இப்போது அது ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்த முகாமில் 1950 வரை 2,000-க்கும் மேற்பட்ட யூதக் குழந்தைகள் பிறந்தன. ஊர் இல்லாத, பாஸ்போர்ட் இல்லாத, அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு நிவாரணப் பொட்டலத்தை நம்பியிருந்த மக்கள் அவர்கள். அகதி முகாம் யூதர்களின் பிறப்பு விகிதம் அந்த நாளில் உலகத்திலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று. சம்பளமும் வீட்டுக்கடனும் கிடைத்தால் பிள்ளை பெறுவார்கள் என்று மேலே சொன்னேனே, அந்தக் கணக்கு இங்கே வேலை செய்யாது. எந்தக் கணக்கு வேலை செய்யும் என்று அந்தத் தாய்மாரைத்தான் கேட்க வேண்டும்.

எல்லாப் பிறப்பையும் எல்லோரும் வரவேற்கவும் இல்லை. ஸ்வீடனின் ஆபா இசைக்குழுப் பாடகி ஃப்ரிடா 1945 நவம்பரில் நார்வேயில் பிறந்தவர். அம்மா நார்வேக்காரி, அப்பா ஆக்கிரமிப்புப் படையின் ஜெர்மன் சிப்பாய். ஊரார் பழிதீர்ப்பார்கள் என்று பயந்து பாட்டி குழந்தையோடு ஸ்வீடனுக்குப் போய்விட்டார். சோவியத்தில் 1944 ஜூலைச் சட்டப்படி, மணமாகாத தாயின் குழந்தைக்குப் பிறப்புப் பதிவில் தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. பத்துப் பிள்ளை பெற்று வளர்த்தவளுக்கு 'வீரத் தாய்' பட்டம் கொடுத்ததும் அதே சட்டம்தான்.

நாடு வாரியாகப் பார்த்தால் இன்னொன்று தெரியும். ஜப்பானில் பிள்ளைப் பெருக்கம் 1946-இல் இல்லை. 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜப்பானியர், சிப்பாய்களும் குடிமக்களுமாக, சீனாவிலும் கொரியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் சிதறிக் கிடந்தார்கள். அவர்கள் கப்பலேறி வந்து சேர்ந்த பிறகு, 1947 முதல் 49 வரை மூன்றே ஆண்டில் சுமார் 80 லட்சம் குழந்தைகள். இதற்கிடையே கருக்கலைப்பு சட்டபூர்வமானது. பத்தாண்டுக்குள் பிறப்பு கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது. ஜெர்மனிக்கு இன்னும் தாமதம். அங்கே ஆண்கள் கைதிகளாக இருந்தார்கள். சோவியத்திடம் இருந்த கடைசிக் கைதிகள், மேற்கு ஜெர்மனியின் தலைவர் அடெனாவர் 1955-இல் மாஸ்கோ போய்ப் பேசிய பிறகுதான் வந்தார்கள். ஜெர்மனியில் போருக்குப்பின் மிக அதிகக் குழந்தைகள் பிறந்த ஆண்டு 1964.

நெதர்லாந்தைச் சொல்லாமல் விட முடியாது. 1944-45 குளிர்காலத்தில் மேற்குப் பகுதி நகரங்களுக்குப் போகும் உணவை நாஜிகள் மறித்தார்கள். ரேஷன் ஒரு நாளைக்கு 1,000 கலோரிக்கும் கீழே இறங்கி, ஒரு கட்டத்தில் 500 அளவுக்கு வந்தது. துலிப் கிழங்கை அவித்துத் தின்றார்கள். 1945 மே மாதம் விடுதலை கிடைத்தது, சாப்பாடும் வந்தது. பஞ்சத்தின்போது கருவுற்ற தாய்மார் பலருக்கு விடுதலைக்குப் பிறகுதான் பிரசவம். குழந்தைகள் நல்ல எடையோடே பிறந்தன. ஐம்பது வயதில் பரிசோதித்தபோது அவர்களிடம் இதயநோய் அதிகமாக இருந்தது. கருவின் முதல் சில மாதங்கள் பட்டினியில் கழிந்ததன் விளைவு.

உங்கள் பாட்டி சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. சாதாரணமாக 100 பெண் குழந்தைக்கு 105 ஆண் குழந்தை பிறக்கும். இரண்டு உலகப்போர்களையும் ஒட்டி பிரிட்டன் போன்ற நாடுகளில் இது ஒரு புள்ளி போல ஏறியது. ஏன் என்பதற்குப் பல விளக்கங்கள் சொல்லப்படுகின்றன, ஒன்றும் முடிவாகவில்லை. ஆனால் 'ஈடு' என்பதெல்லாம் இல்லை. சோவியத்தின் 1959 மக்கள்தொகைக் கணக்கில் ஆண்களைவிடப் பெண்கள் சுமார் 2 கோடி அதிகம். செத்துப்போனது இருபது, முப்பது வயது ஆண்கள். தொட்டிலில் கூடுதலாக ஒரு பையன் பிறந்து அந்த விதவைக்கு என்ன ஆகப்போகிறது?

கடைசியாக, மலர் விஷயம். நம் நாட்டில் பிறப்பு விகிதம் முன்பே உயரத்தில் இருந்தது. போர் முடிந்ததால் தனியாக ஒரு பெருக்கம் வரவில்லை. அதனால் எஸ்.பி.பி.யையும் பேடியையும் 'போர் முடிந்த மகிழ்ச்சியில் பிறந்தவர்கள்' கணக்கில் சேர்க்காதீர்கள். ஃபிரெடி மெர்க்குரி சான்சிபாரில் பார்சிக் குடும்பத்தில் பிறந்தவர், அவரும் அதில் சேர மாட்டார். அப்பாவின் ஆண்டுக்கு இங்கேயே நிகழ்ச்சிகள் நிறைய: பிப்ரவரியில் பம்பாய்க் கடற்படை எழுச்சி, ஏப்ரல் கடைசியில் சென்னை மாகாணத்தில் பிரகாசம் அமைச்சரவை, ஆகஸ்டில் கல்கத்தா படுகொலைகள், செப்டம்பரில் நேருவின் இடைக்கால அரசு. பிறப்பும் நிகழ்ச்சியும் ஒரே தேதியில் வேண்டுமென்றால் டிசம்பர் 9-ஐப் போடுங்கள். அரசியல் நிர்ணய சபை டெல்லியில் முதல் முறை கூடியது அன்றுதான். அதே நாளில் இத்தாலியின் விச்சென்சா பக்கத்து மலைக்கிராமம் ஒன்றில், ரஷ்யப் போர்முனைக்குப் போய்வந்த ஒருவருக்கு மகள் பிறந்தாள். பெயர் சோனியா.