பத்தோடு பதினொன்று

கேள்வி: ஐரோப்பிய நாடுகள் ஆளுக்கொரு பாட்டை அனுப்பி மோதும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் 2021இல் பிரிட்டனுக்கு மொத்தமே பூஜ்யம். 2024, 2025 இரண்டு ஆண்டும் மக்கள் வாக்கில் பூஜ்யம். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதற்குப் பழிவாங்குகிறார்கள். அண்டை நாடுகள் தங்களுக்குள்ளேயே புள்ளிகளை மாற்றிக்கொள்கின்றன. பிரிட்டன் இனியும் இதில் கலந்துகொள்ள வேண்டுமா?
– வாசகர், லண்டன்

பதில்: பழிவாங்கல்தான் காரணம் என்றால் 2022ஐ எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள்? பிரிட்டன் வெளியேறி இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. சாம் ரைடர் பாடினார். 466 புள்ளிகள், இரண்டாம் இடம். நடுவர் குழுக்களின் கணக்கை மட்டும் பார்த்தால் 283 புள்ளிகளோடு அவர்தான் முதல். பிரான்ஸ் நடுவர்களும் ஜெர்மனி நடுவர்களும் ஆளுக்கு 12 கொடுத்தார்கள். முந்தைய ஆண்டு ஒரு புள்ளிகூடத் தராத நாடுகள்தாம் இவை. ஓராண்டில் அரசியல் மாறவில்லை. பாட்டு மாறியது, பாடியவர் மாறினார்.

அந்தப் பூஜ்யம் எப்படி விழுகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு நாடும் இரண்டு பட்டியல் தருகிறது: நடுவர்களுடையது ஒன்று, மக்களுடையது ஒன்று. இரண்டிலும் முதல் பத்துப் பாடல்களுக்குத்தான் புள்ளி. முதலிடத்துக்கு 12, அடுத்ததற்கு 10, பிறகு 8இலிருந்து 1 வரை. பதினோராவது இடத்துக்கு ஒன்றுமே கிடையாது. 2021 இறுதிச்சுற்றில் 26 பாடல்கள். ஒரு பாட்டு எல்லா நாட்டிலும் பதினோராவதாக வந்தால், பாதிக்கும் மேற்பட்ட பாடல்களை எல்லா இடத்திலும் முந்தியிருந்தும் கடைசியில் பூஜ்யம்தான். ‘பத்தோடு பதினொன்று’ என்று நாம் சொல்வது இந்தப் போட்டியில் அப்படியே சட்டம். எதிர்த்து வாக்களிக்க வழியே இல்லாத இடத்தில் பூஜ்யத்தை வெறுப்பு என்று படிப்பது தவறு. 2025இல் போட்டியை நடத்திய சுவிட்சர்லாந்துக்கு நடுவர்கள் 214 புள்ளி கொடுத்தார்கள். மக்கள் வாக்கில் பூஜ்யம். சுவிஸ்காரர்கள் மீது யாருக்கு என்ன பகை?

பத்துப் பேருக்கு ‘பரவாயில்லை’ என்று தோன்றும் பாட்டுக்கு இங்கே மதிப்பில்லை. ஒருவர் தொலைபேசியை எடுத்துக் காசு செலவழித்து வாக்களிக்கும் அளவுக்குப் பிடிக்க வேண்டும். பிரிட்டன் சறுக்குவது இங்கேதான். 2021 மேடையில் இரண்டு ராட்சத எக்காளங்கள் நின்றன. கண் அவற்றின் மீது போனது. பாடியவரின் முகம் மனதில் தங்கவில்லை. 2024இல் அழுக்கேறிய உடைமாற்றும் அறை ஒன்றை மேடையில் கட்டி, கேமராவைத் தலைகீழாகப் புரட்டினார்கள். ஆட்டமும் பாட்டும் ஒன்றாகச் சேர்ந்தபோது சுருதி நிற்கவில்லை. பின்னணிக் குரல்களை முன்கூட்டியே பதிவுசெய்து ஒலிக்கவிடலாம் என்று 2021 முதல் அனுமதி உண்டு. முதன்மைக் குரலுக்கு அந்தச் சலுகை இல்லை. அது மேடையில் நேரடியாகத்தான் வர வேண்டும். மூச்சு வாங்கினால் ஐரோப்பா முழுக்கக் கேட்கும். 2025இல் மூன்று பெண்கள் மிக அழகாகக் குரல் சேர்த்துப் பாடினார்கள்; நடுவர்கள் 88 புள்ளி தந்தார்கள், அது நியாயமும்கூட. ஆனால் மூன்று நிமிடப் பாட்டுக்குள் தாளகதி மாறிக்கொண்டே இருந்தது. முதல்முறை கேட்பவர் கூடவே முணுமுணுக்க ஒரு வரி பிடிபடுவதற்குள் பாட்டு வேறெங்கோ போய்விட்டது.

அண்டை வீட்டுப் பாசம் இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன். கிரீஸும் சைப்ரஸும் 12 புள்ளிகளைக் கைமாற்றிக்கொள்வது ஊரறிந்தது. அதற்காகவே 2008 முதல் இப்படிப்பட்ட நாடுகளை வெவ்வேறு அரையிறுதிக்குப் பிரித்துப் போடும் முறை வந்தது. ஆனால் அந்தப் பாசம் ஒரு நாட்டைச் சில இடங்கள் மேலே தள்ளும், அவ்வளவுதான். போர்ச்சுகலுக்கு நில எல்லை ஸ்பெயினோடு மட்டும். 1964இல் முதன்முதலாக வந்து பூஜ்யம் வாங்கிப் போன நாடு அது. 2017இல் சல்வடோர் சோப்ரால் போர்ச்சுகீசிய மொழியிலேயே, ஆட்டமும் வெடியும் இல்லாமல், அக்கா லூயிசா எழுதிய பாட்டைப் பாடி 758 புள்ளி எடுத்தார். நடுவர் கணக்கிலும் முதல், மக்கள் கணக்கிலும் முதல்.

‘அதிகப் பணம் கட்டும் நாடுகளில் ஒன்றாக நேரே இறுதிச்சுற்றுக்குப் போவதால்தான் பிரிட்டன் பாட்டு யார் காதிலும் விழுவதில்லை’ என்றும் சிலர் சொல்கிறார்கள். 2021இல் மக்கள் வாக்கில் பூஜ்யம் வாங்கிய நான்கு நாடுகளும் நேரே நுழைந்தவைதான் (போட்டியை நடத்தும் நாடும் அப்படித்தான் நுழையும்), உண்மை. அதே ஆண்டு வென்ற இத்தாலியும், இரண்டாவதாக வந்த பிரான்ஸும்கூட நேரே நுழைந்தவைதான்.

கோளாறு தேர்வில் இருக்கிறது. 2016 முதல் 2019 வரை பிபிசி தொலைக்காட்சியில் நிகழ்ச்சி நடத்திப் பாட்டைத் தேர்ந்தெடுத்தது. 2019இல் கடைசி இடம். 2020 முதல் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே முடிவெடுத்தது. அதில் 2022 மட்டும் தேறியது. சுவீடனைப் பாருங்கள். வாரக்கணக்கில் போட்டி நடத்துகிறார்கள். ஒவ்வொரு பாட்டும் மேடை, விளக்கு, கேமராக் கோணம் எல்லாவற்றோடும் ஒளிபரப்பாகிறது. அங்கே இறுதிச்சுற்றின் பாதிப் புள்ளிகள் வெளிநாட்டு நடுவர்கள் கையில். மேடையில் எது எடுபடாது என்பது யூரோவிஷன் நடக்கும் மே மாதத்துக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. 2012, 2015, 2023 என்று மூன்று வெற்றிகள் அப்படி வந்தவை.

ஆகவே, கலந்துகொள்ளத்தான் வேண்டும். நீங்கள் லண்டனில் பிபிசிக்கான தொலைக்காட்சி உரிமக் கட்டணம் கட்டுபவராக இருந்தால் பிபிசிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இந்த ஆண்டுப் பாட்டை, மேடை அமைப்போடு சேர்த்து, போட்டிக்கு முன் பிரிட்டனுக்கு வெளியே எத்தனை பேருக்குப் போட்டுக் காட்டினீர்கள் என்று கேளுங்கள்.