சிடியில் பழுதில்லை: பழைய விளையாட்டுகளை விண்டோஸ் 11இல் ஓட வைப்பது எப்படி?

கேள்வி: 1998 முதல் 2005 வரை அப்பா வாங்கித் தந்த கணினி விளையாட்டுச் சிடிகளை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன். பதினொரு வயது மகளுக்கு அவற்றைக் காட்ட ஆசைப்பட்டு யுஎஸ்பி சிடி டிரைவ் ஒன்று வாங்கினேன். வீட்டிலுள்ள இரண்டு மடிக்கணினிகளிலும் விண்டோஸ் 11 இருக்கிறது. குழந்தைகளுக்கான கணக்கு விளையாட்டை நிறுவவே முடியவில்லை. கார் பந்தய விளையாட்டு நிறுவப்பட்டது. ஆனால் சொடுக்கினால் திரையில் ஒன்றும் வரவில்லை. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ திறக்கிறது, ஆனால் கடலும் புல்லும் ஊதாவும் சிவப்புமாகத் தெரிகின்றன. ‘சான் ஆண்ட்ரியாஸ்’ விளையாட்டில் மவுஸை அசைத்தால் பார்வை திரும்புவதில்லை. ‘கம்பேட்டிபிலிட்டி மோடு’ போடச் சொன்னார்கள், போட்டும் பயனில்லை. சிடிகள் கெட்டுவிட்டனவா? ஏஜ் ஆஃப் எம்பயர்ஸை இரண்டு கணினிகளிலும் வைத்து மகளும் நானும் சேர்ந்து ஆட முடியுமா?

— ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் நான்கு சிடிகளும் நன்றாகவே இருக்கின்றன. கீறல் விழுந்த சிடி நிறுவும்போது பாதியில் நிற்கும், டிரைவ் திரும்பத் திரும்பச் சுழன்று முனகும், கோப்பைப் படிக்க முடியவில்லை என்று பிழைச் செய்தி வரும். உங்களுக்கு அவற்றில் ஒன்றுகூட நேரவில்லை. நான்கு விளையாட்டுகளும் நான்கு வேறு இடங்களில் தடைபடுகின்றன. ஒன்று நிறுவும்போது, இன்னொன்று சிடி அசல்தானா என்று சோதிக்கும்போது, மூன்றாவது படம் வரையும்போது, நான்காவது ஓடும்போது. நால்வருக்கு நான்கு நோய் இருக்கையில் ஒரே மாத்திரையைக் கொடுத்தால் எப்படிக் குணமாகும்? கம்பேட்டிபிலிட்டி மோடு முக்கியமாகச் செய்வது, ‘நீ இருப்பது விண்டோஸ் எக்ஸ்பி’ என்று விளையாட்டை நம்பவைப்பதும், பழைய நடத்தைகள் சிலவற்றைத் திருப்பிக் கொடுப்பதும்தான். விண்டோஸிலிருந்து அடியோடு நீக்கப்பட்டுவிட்ட ஒன்றை அதனால் மீட்டுத் தர முடியாது.

உங்கள் முதல் இரண்டு சிடிகளின் சிக்கல் அப்படி நீக்கப்பட்டவற்றால் வந்தது.

கணக்கு விளையாட்டை எடுத்துக்கொள்வோம். ‘இந்தச் செயலியை உங்கள் கணினியில் இயக்க முடியாது’ என்ற பொருளில் ஒரு செய்தி வந்திருக்கும் என்று நினைக்கிறேன். 1990களின் நிரல்கள் பலவும் 16 பிட் வகையைச் சேர்ந்தவை. பிட் எண்ணிக்கை என்பது நிரல் எந்தத் தலைமுறைக் கணினிக்காக எழுதப்பட்டது என்பதைக் காட்டும் அளவு. 64 பிட் விண்டோஸில் அவற்றை இயக்கும் பகுதியை மைக்ரோசாஃப்ட் சேர்க்கவில்லை. விண்டோஸ் 11 வருவதோ 64 பிட் வடிவில் மட்டும். இங்கே ஒரு நல்ல செய்தியும் உண்டு. பல சிடிகளில் விளையாட்டு 32 பிட்டாகவே இருக்கும். அதை நிறுவித் தரும் சிறு நிரல் மட்டுமே 16 பிட். அப்போதைய நிறுவிகள் சிலவற்றை விண்டோஸ் தானே அடையாளம் கண்டு, 32 பிட் மாற்றை வைத்து ஓட்டிவிடும். உங்களுடையது அந்தப் பட்டியலில் இல்லை போலும். எனவே சிடி முழுவதையும் வன்தட்டில் ஒரு கோப்புறைக்கு நகலெடுத்து, உள்ளே இருக்கும் விளையாட்டுக் கோப்பை நேரடியாகச் சொடுக்கிப் பாருங்கள். அந்தக் காலத்துக் குழந்தைகள் விளையாட்டுகளில் பல, சிடியிலிருந்தே ஓடும்படி செய்யப்பட்டவை. அது பலிக்காவிட்டால் ‘ஓடிவிடிஎம்’ என்ற இலவசக் கருவி இருக்கிறது. 64 பிட் விண்டோஸிலேயே 16 பிட் விண்டோஸ் நிரல்களை இயக்கும். விளையாட்டு விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளக் காலத்தது என்றால் ‘டாஸ்பாக்ஸ்’ போதும். அதில் வேகம் தாறுமாறாக இருந்தால் கண்ட்ரோல் விசையோடு எஃப்11 அழுத்தினால் குறையும், எஃப்12 அழுத்தினால் கூடும்.

கார் பந்தய விளையாட்டின் கதை வேறு. சொடுக்கியதும் ஒன்றும் வராமல் அடங்கிப்போகிறது என்ற வரியைப் படித்ததும் எனக்கு ‘சேஃப்டிஸ்க்’ நினைவுக்கு வந்தது. சிடியைக் கள்ள நகல் எடுக்காமல் தடுக்க மேக்ரோவிஷன் நிறுவனம் கொண்டுவந்த பூட்டு அது. அந்தக் காலத்தில் ஏராளமான விளையாட்டுகளில் இருந்தது. அந்தப் பூட்டு வேலை செய்ய விண்டோஸின் அடிமட்டம் வரை அதிகாரம் பெற்ற ஒரு டிரைவர், அதாவது துணை நிரல், தேவைப்பட்டது. தீய நிரல்கள் அதன் வழியாகவே கணினியைக் கைப்பற்றக்கூடிய ஓட்டை 2007இலேயே கண்டுபிடிக்கப்பட்டது. 2015இல் வெளிவந்த விண்டோஸ் 10 அந்த டிரைவரை ஏற்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த பாதுகாப்புப் புதுப்பிப்பு விஸ்டா, 7, 8 ஆகியவற்றிலும் அதை முடக்கியது. பணம் கொடுத்து வாங்கிய அசல் சிடி கையில் இருந்தும் ஆட முடியாத நிலை இப்படித்தான் வந்தது. மைக்ரோசாஃப்ட் செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன். தவறு, ஒரு விளையாட்டைக் காப்பதற்காக வாடிக்கையாளரின் கணினியில் அவ்வளவு ஆழமாகக் கைவைத்தவர்களுடையது.

உங்கள் சிடியில் இந்தப் பூட்டு இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். சிடியைத் திறந்து கோப்புகளின் பெயர்களைப் பாருங்கள். 00000001 என்ற எண்ணைப் பெயராகக் கொண்ட தற்காலிகக் கோப்பு ஒன்று இருந்தால் அநேகமாக சேஃப்டிஸ்க்தான். அப்படியானால், முதலில் அந்த விளையாட்டுக்கு வெளியீட்டாளரின் கடைசிப் புதுப்பிப்பு கிடைக்கிறதா என்று தேடுங்கள். சில நிறுவனங்கள் பிற்காலப் புதுப்பிப்பில் சிடிச் சோதனையை நீக்கிவிட்டன. அது இல்லையென்றால் ‘சேஃப்டிஸ்க்‌ஷிம்’ என்ற திறந்த மூலக் கருவியை நிறுவுங்கள். ஆபத்தான அந்தப் பழைய டிரைவர் இல்லாமலேயே பூட்டு கேட்கும் கேள்விகளுக்கு அது பதில் சொல்லிவிடும். அசல் சிடி டிரைவில் இருக்க வேண்டும், உங்களிடம் இருக்கிறது. பூட்டுடைத்த விளையாட்டுக் கோப்பு என்று முகம் தெரியாத தளங்களில் கிடைப்பதைத் தயவுசெய்து தொடாதீர்கள். மகளின் பாடங்களும் வங்கிக் கணக்கும் இருக்கும் கணினி அது.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2க்கு வருவோம். 1999இல் வந்த இந்த விளையாட்டு ஒரே நேரத்தில் 256 நிறங்களை மட்டும் கையாளும். எந்த எண் எந்த நிறம் என்று ஓர் அட்டவணை போட்டுக்கொண்டு, அதைத் திரை முழுவதற்கும் பொதுவாக வைத்திருக்கும். விண்டோஸின் டெஸ்க்டாப் இடையில் புகுந்து அட்டவணையை மாற்றிவிட்டால், கடலுக்குரிய எண் ஊதாவாகிவிடும், புல்லுக்குரியது சிவப்பாகிவிடும். படம் சரியாகத்தான் இருக்கிறது, வண்ணச்சாவிதான் மாறிப்போயிற்று. விளையாடும்போது டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்புளோரரை நிறுத்தி வைப்பது ஒரு காலத்தில் எல்லோரும் செய்த வைத்தியம். பலன் உண்டு. ஆனால் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும், ஒரு குழந்தையிடம் விட முடியாது.

நிரந்தரத் தீர்வாக ‘சிஎன்சி டிடிரா’ அல்லது ‘டிஜிவூடூ 2’ என்ற இரண்டில் ஒன்றைப் பயன்படுத்துங்கள். இவை ஏன் வேலை செய்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டால் வேறு பல விளையாட்டுகளுக்கும் உதவும். பழைய விளையாட்டு ‘டைரக்ட்டிரா’ என்ற நூலகத்தை, அதாவது பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் துணைக் கோப்பை, கூப்பிட்டுத்தான் படம் வரையும். அந்த நூலகக் கோப்பை விண்டோஸ் முதலில் தேடுவது விளையாட்டின் சொந்தக் கோப்புறையில்தான், பிறகுதான் தன்னுடையதை எடுக்கும். ஆகவே அதே பெயரில் ஒரு புதிய கோப்பை அங்கே வைத்துவிட்டால், விளையாட்டு அதனிடம் பேசும். அது பழைய கட்டளைகளை இன்றைய கிராபிக்ஸ் கார்டுக்குப் புரியும் மொழியில் மாற்றிச் சொல்லும். பிடிக்காவிட்டால் கோப்பை நீக்கினால் போதும், கணினியில் வேறெதுவும் மாறியிருக்காது. இந்தக் கருவிகளை ஆக்கியோரின் சொந்தப் பக்கத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். டிஜிவூடூவில் 32 பிட், 64 பிட் என்று தனித்தனிக் கோப்புகள் இருக்கும். இந்தக் காலத்து விளையாட்டுகளுக்கு 32 பிட் கோப்புதான் வேண்டும். பலர் இங்கேதான் தவறான கோப்பை வைத்துவிட்டுக் கருவியே பயனற்றது என்று முடிவு கட்டுகிறார்கள். இதே விளையாட்டின் புதுப்பித்த வடிவமாக 2019இல் வந்த டெஃபினிட்டிவ் எடிஷனை வாங்கிவிட்டால் இவ்வளவும் தேவையில்லை. ஆனால் அதற்கு வலுவான கணினி வேண்டும், உங்கள் சிடியை ஆடிய திருப்தியும் இருக்காது.

சான் ஆண்ட்ரியாஸின் மவுஸ் சிக்கல் மிகப் பழகியது. டாக்குமெண்ட்ஸ் கோப்புறைக்குள் விளையாட்டின் பெயரில் ஒரு கோப்புறை இருக்கும்; அதில் உள்ள அமைப்புக் கோப்பின் பெயரை மாற்றிவிட்டு விளையாட்டைத் திறங்கள். அழிக்க வேண்டாம், பெயரை மாற்றினால் போதும். விளையாட்டு புதிய அமைப்புக் கோப்பை உண்டாக்கிக்கொள்ளும், பெரும்பாலும் மவுஸ் உயிர்பெறும். சேமித்த ஆட்டங்களும் அதே கோப்புறையில்தான் இருக்கும், கவனம். நிலையான தீர்வு ‘சைலண்ட்பேட்ச்’ என்ற ரசிகர் திருத்தம். அமைப்புகளில் ‘ஃபிரேம் லிமிட்டர்’ என்பதை அணைக்காதீர்கள். நொடிக்கு எத்தனை படம் (ஃபிரேம்) வரையலாம் என்பதற்கு வரம்பு வைப்பது அது. புதிய கணினி வேகமாகத்தானே ஓடும் என்று தோன்றும். ஆனால் இந்த விளையாட்டின் இயக்கக் கணக்குகள் சில, நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதோடு கட்டப்பட்டவை. லிமிட்டரை எடுத்துவிட்டால் நீந்துவதுகூட மந்தமாகிவிடும். இது பெரியவர்களுக்கான விளையாட்டு என்பதால் மகளின் கணினியில் நிறுவ வேண்டாம் என்பது என் கருத்து.

இந்த விளையாட்டைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லாமல் கடந்துபோக மனமில்லை. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு வந்த பிறகு, ‘ஸ்கிம்மர்’ என்ற கடல் விமானம் விளையாட்டிலிருந்து காணாமல் போனது. எல்லோரும் மைக்ரோசாஃப்டைக் குறை சொன்னார்கள். சைலண்ட்பேட்சை உருவாக்கியவர் 2025இல் துருவிப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார். ஒவ்வொரு வாகனத்துக்கும் உரிய விவரங்களை விளையாட்டு ஒரு கோப்பிலிருந்து வரிவரியாகப் படிக்கிறது. அந்த விமானத்தின் வரியில் சக்கர அளவு எழுதப்படவில்லை. எழுதாவிட்டால் என்ன செய்வது என்று நிரலிலும் சொல்லப்படவில்லை. அதனால், அதற்கு முந்தைய வரியிலிருந்த வேனின் 0.7 என்ற அளவு நினைவகத்தில் அழியாமல் கிடக்க, அழிக்காத சிலேட்டில் இருந்த எண்ணைப் படிப்பதுபோல் அதையே எடுத்துக்கொண்டிருந்தது. இருபது ஆண்டுகள் அது சரியாகவே நடந்தது. புதிய பதிப்பில் விண்டோஸின் ஒரு சிறு உட்பகுதி அந்த இடத்தைத் தன் கணக்குக்குப் பயன்படுத்தத் தொடங்கியது, சிலேட்டு அழிந்தது. பழைய விளையாட்டு ஒன்று திடீரென நின்றால் நேற்று வந்த புதுப்பிப்பையே பிடித்துக்கொள்ளாமல் விளையாட்டுக்குள்ளும் தேட வேண்டும் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான்.

நான்குக்கும் பொதுவாக இரண்டு விஷயங்கள். புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறையில் நிறுவாதீர்கள். அன்றைய விளையாட்டுகள் தம் கோப்புறைக்குள்ளேயே சேமிப்புகளை எழுதும். விஸ்டா முதல் விண்டோஸ் அங்கே எழுத விடுவதில்லை. சி டிரைவில் தனியாக ஒரு கோப்புறை உண்டாக்கி அதில் நிறுவுங்கள். இரண்டாவது, ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும், அதையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் எனக்குப் பிடித்த ஒரு விளையாட்டுக்காக ஒரே இரவில் டிரைவரை மாற்றி, மூன்று திருத்தங்களைப் போட்டு, அமைப்புகளையும் கலைத்தேன். விளையாட்டு ஓடியது. அடுத்த கணினியில் அதே விளையாட்டை ஓட்ட ஒரு மாதம் பிடித்தது, எது குணப்படுத்தியது என்றே தெரியாததால்.

டிஎல்எல் கோப்பு (மேலே சொன்ன நூலகக் கோப்பு வகை) இல்லை என்று எப்போதாவது பிழை வந்தால், பெயர் டி3டிஎக்ஸ்9 என்று தொடங்குகிறதா பாருங்கள். மைக்ரோசாஃப்ட் 2010 ஜூனில் வெளியிட்ட டைரக்ட்எக்ஸ் தொகுப்பை நிறுவினால் தீரும். ஒற்றை டிஎல்எல் கோப்பை மட்டும் தரும் தளங்கள் பக்கம் போகவேண்டாம்.

இனி, இருவரும் சேர்ந்து ஆடுவது. தாராளமாக ஆடலாம். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 கணினிகளுக்கிடையே பேச ‘டைரக்ட்பிளே’ என்ற பழைய பகுதியைப் பயன்படுத்துகிறது; அது விண்டோஸ் 11இல் உறங்கிக்கொண்டிருக்கிறது. ஸ்டார்ட் தேடலில் ‘விண்டோஸ் ஃபீச்சர்ஸ்’ என்று தேடித் திறந்து, ‘லெகசி காம்பொனெண்ட்ஸ்’ என்பதன் கீழ் டைரக்ட்பிளேயைத் தேர்வு செய்யுங்கள். இரண்டு கணினிகளிலும் செய்ய வேண்டும், இரண்டிலும் விளையாட்டின் ஒரே பதிப்பு இருக்க வேண்டும். வீட்டு வைஃபையைத் தனியார் வலையமைப்பாகக் குறித்து, ஃபயர்வால் அனுமதி கேட்கும்போது ஆம் என்று சொல்லுங்கள். அப்படியும் ஒருவரின் ஆட்டம் மற்றவருக்குத் தெரியாவிட்டால், ஃபயர்வாலில் 47624 என்ற டிசிபி வாயிலையும், டிசிபி, யுடிபி இரண்டிலும் 2300 முதல் 2400 வரையுள்ள வாயில்களையும் திறந்துவிடுங்கள் (வாயில் என்பது வலையமைப்பில் தகவல் போய்வரும் எண்ணிட்ட வழி; டிசிபி, யுடிபி என்பவை தகவல் அனுப்பும் இரு முறைகள்). ஆட்டத்தைத் தொடங்கி வைப்பவர் நீங்களாக இருங்கள். மகள் உங்கள் கணினியின் ஐபி முகவரியைத் தட்டிச் சேர்ந்துகொள்ளட்டும்.