ஒரு யூரோ வீடும் கல்லிடைக்குறிச்சி வீடும்

அன்புள்ள அண்ணாச்சி,

சிசிலித் தீவின் மலையூர்களில் பாழடைந்த வீடுகளை ஒரு யூரோவுக்கு விற்பதை ஒரு வீடியோவில் பார்த்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. கல்லிடைக்குறிச்சியில் ஒரு பழைய வீடு விலைக்கு வருகிறது. திண்ணை, ரேழி, முற்றம் என்று கொல்லை வரை நீளமான வீடு. ஓடு அங்கங்கே உடைந்திருக்கிறது, காரை உதிர்ந்திருக்கிறது, மற்றபடி திடம்தான். வாங்கிப் புதுப்பித்து வருஷத்துக்கு நாலு தடவை வந்து தங்கலாமா? இல்லை, மாஞ்சோலைப் பக்கம் மலைமேலேயே ஏதாவது கிடைக்குமா?

எம்., பெங்களூரு

அன்புள்ள எம்.,

மாஞ்சோலையை மறந்துவிடுங்கள். சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் தேயிலைக்காக 99 வருஷக் குத்தகைக்கு விட்ட நிலம் அது, இன்று புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளியவர்களுக்கே அங்கே ஒரு சென்ட் சொந்தமில்லை, உங்களுக்கு யார் விற்பது?

சிசிலிக் கதையும் வீடியோவில் சொல்கிற அளவுக்கு மலிவில்லை. சம்பூகா என்கிற ஊர் 2019-ல் 16 வீடுகளை ஏலம் விட்டது. ஒரு யூரோ என்பது ஏலத்தின் ஆரம்ப விலை மட்டும்தான். 5000 யூரோ முன்பணம் கட்டி, மூன்று வருஷத்துக்குள் வீட்டைச் செப்பனிட்டாக வேண்டும். 1968 பூகம்பத்துக்கு அப்புறம் ஆள் போன வீடுகள் நகராட்சியின் கையில் இருந்ததால், விற்பவர் ஒரே ஆள்.

இங்கே சாவியைக் காட்டுகிறவர் ஒருவர், பங்காளிகள் எட்டுப் பேர். தாத்தா பேரிலேயே பட்டா கிடக்கும். 2005-ல் வாரிசுச் சட்டம் மாறிய பிறகு பெண்பிள்ளைகள் கையெழுத்து இல்லாமல் பூர்வீக வீட்டை வாங்குவது வம்பை விலைக்கு வாங்குவது. அடிமனை கோயிலுடையதா என்றும் பாருங்கள். மேல்கட்டடம் மட்டும்தான் அவர்களுடையது என்று கடைசி நாளில் தெரியவரும், கோயில் நிலத்தை விற்க அறநிலையத் துறை ஆணையர் அனுமதி வேண்டும். இதெல்லாம் வக்கீல் பார்த்துக்கொள்வார், சரி.

வக்கீல் பார்க்க முடியாததைச் சொல்கிறேன். கடையம் பக்கத்தில் எங்கள் மாமா வீட்டை நான் கெடுத்த கதை அது. சுண்ணாம்புக் காரைச் சுவர், கீழே முழங்கால் உயரத்துக்கு ஈரம். 'சிமெண்ட் பூசிட்டா உங்க பேரன் காலம் வரைக்கும் நிக்கும் சார்' என்றார் கொத்தனார், நானும் தலையாட்டினேன். இரண்டே மழைக்காலம். ஈரம் முழங்காலிலிருந்து நெஞ்சு உயரத்துக்கு ஏறி, வெள்ளையாக உப்புப் பூத்து, விரல் மடக்கித் தட்டினால் டொப் டொப் என்று உள்ளே வெறுமையாகக் கேட்டது. ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தாம்பாளம் அகலத்துக்கு ஒரு வில்லை பழைய செங்கலின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழுந்தது. காரைச் சுவர் மண்ணிலிருந்து தண்ணீரைக் குடித்து வெளியே விட்டுவிடும், நான் அதன் வாயை அடைத்துவிட்டேன். அப்புறம் எல்லாவற்றையும் கொத்தி எடுத்து, சுண்ணாம்பைப் புளிக்கவைத்து, கடுக்காய் ஊறல் விட்டு மறுபடி பூசினோம். அந்த வேலை தெரிந்த பெரியவர் ஒருவர் கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம். அவர் ஒரு சுவருக்கு எடுத்துக்கொண்ட நாளில் சிமெண்ட்காரர் ஒரு வீட்டை முடித்திருப்பார்.

ஆனால் அந்த வீடு பிழைத்தது காரையால் இல்லை, அத்தையால். ஐப்பசி ராத்திரியில் கூடத்தில் சொட்டுச் சத்தம் கேட்டால் எழுந்து பித்தளை உருளியை வைத்துவிட்டுப் படுப்பாள், விடிந்ததும் ஆள் ஏறி உடைந்த ஓடு மாற்றிவிடுவான். குரங்கு குதித்து ஓடு நகர்ந்தது, வேப்பஞ்சருகு அடைத்துக்கொண்டது, எல்லாமே ஒரு நாள் வேலை. அதே சொட்டை நீங்கள் பொங்கலுக்கு வந்து கண்டுபிடித்தீர்கள் என்றால் கூரையைத் தாங்கும் கைமரம் உளுத்துப் போயிருக்கும். பழைய வீட்டை ஒரு தடவை புதுப்பித்துப் பூட்டிவைக்க முடியாது. நாட்டு ஓட்டை மழைக்கு முன்னால் பிரித்து மாற்றுவது வருஷா வருஷம் உள்ள பாடு.

அதனால் வருஷத்துக்கு நாலு தடவை என்றால் என் பதில் வேண்டாம் என்பதுதான். வாங்கியே தீருவேன் என்றால் முன்கட்டில் ஒரு குடும்பத்தைக் குடிவையுங்கள், வாடகை சும்மா பேருக்கு இருக்கட்டும், பின்கட்டில் ஒரு அறையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பணம் கொடுக்கும் முன் உச்சி வெயிலில் கூடத்து நடுவில் போய் நில்லுங்கள், தரையில் எத்தனை வெளிச்சப் பொட்டு விழுகிறது என்று எண்ணுங்கள். ஏணி போட்டு ஏறி, கைமரம் சுவரில் உட்காரும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். புட்டில் இறங்குகிற மாதிரி இறங்கினால் கூரைச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். முடிந்தால் ஐப்பசியில் சாவி கேட்டு வாங்கி, மழையோடு இரண்டு ராத்திரி அங்கே படுத்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

திரும்பும்போது அப்பளக் கட்டு மறக்க வேண்டாம்.