பிரசவத்தோடு போன சர்க்கரை

கேள்வி: என் மாமனார் சர்க்கரை நோயால் ஒரு காலை இழந்து, அடுத்த இரண்டு வருடத்தில் இறந்துபோனார். மாமியாருக்கும் 15 வருடமாகச் சர்க்கரை. என் கணவருக்கு 41 வயது, நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை, தொப்பையும் வைத்துவிட்டது. ரத்தம் டெஸ்ட் பண்ணச் சொன்னால் "டெஸ்ட் எடுத்தால்தான் வியாதி வரும்" என்று சிரித்துவிட்டுப் போய்விடுகிறார். கெஞ்சிப் பார்த்தேன், சண்டை போட்டும் பார்த்தேன். (எனக்கு 36 வயது, ஒன்றும் இல்லை. ஆறு வருடத்துக்கு முன் பையன் வயிற்றில் இருந்தபோது சர்க்கரை இருந்தது, ஊசி போட்டார்கள், பிரசவத்தோடு போய்விட்டது.) மாமியாருக்கு வாராவாரம் சனிக்கிழமை நான்தான் விரலில் குத்திப் பார்க்கிறேன். ஸ்ட்ரிப் விற்கிற விலைக்கு எனக்கெல்லாம் பார்த்துக்கொண்டதில்லை. இவரை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?
– கரூர் வாசகி

பதில்: இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். நீங்கள் எழுதியது மூன்று பக்கம், அதில் உங்களைப் பற்றி இரண்டே வரி, அதுவும் அடைப்புக்குறிக்குள். கணவர் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

பிரசவத்தோடு போய்விட்டது என்று யாரம்மா சொன்னது? டாக்டரா, லேப் ரிப்போர்ட்டா, இல்லை ஊசியை நிறுத்தியதும் நீங்களே தீர்ப்பு எழுதிக்கொண்டீர்களா? கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்களுக்குப் பிரசவமான ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் மறுபடி குளுக்கோஸ் குடிக்கவைத்து ரத்தம் பார்க்க வேண்டும். பார்த்தீர்களா? பீரோவைத் திறந்தால் பையனின் தடுப்பூசி அட்டை பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக இருக்கும், ஒரு தேதி தவறியிருக்காது. அவனைத் தூக்கிக்கொண்டு ஊசிக்குப் போன அதே ஆஸ்பத்திரியில் உங்கள் கையை நீட்ட உங்களுக்கு நேரமில்லை. இந்தக் கடிதத்தை நூறு பேர் கையெழுத்தில் படித்துவிட்டேன், ஊர் பெயர்தான் மாறுகிறது.

நடந்தது என்னவென்று சொல்கிறேன். கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்யவிடாமல் மறிக்கும். எல்லாக் கர்ப்பிணிக்கும் அப்படித்தான். பெரும்பாலானவர்களின் கணையம் கூடுதலாகச் சுரந்து சமாளித்துவிடும், உங்களுடையது சமாளிக்கவில்லை. நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் பாரம் இறங்கியது, சர்க்கரையும் இறங்கியது. ஏற்றத்தில் இரைத்த வண்டி சமதரையில் அமைதியாகத்தான் ஓடும், அதை வைத்து எஞ்சின் நன்றாக இருக்கிறது என்று எந்த மெக்கானிக்கும் சொல்லமாட்டான். கர்ப்பத்தில் சர்க்கரை வந்த பெண்களுக்குப் பிற்பாடு நிரந்தரமாகச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழிலிருந்து பத்து மடங்கு என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். உங்கள் வீட்டில் முதலில் டெஸ்ட் எடுக்க வேண்டிய ஆள் தொப்பைக்காரர் அல்ல, நீங்கள்.

என் அக்காவுக்கு மகன் பிறந்தபோது நாலு கிலோவுக்கு மேல். ராஜா மாதிரி குழந்தை, கண்ணு பட்டுவிடும் என்று பாட்டி கன்னத்தில் மை வைத்தாள். அவ்வளவு பெரிய குழந்தை ஏன் பிறந்தது, வயிற்றில் இருந்தபோது அக்காவுக்குச் சர்க்கரை இருந்ததா என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை, அந்தக் காலத்தில் கேட்கத் தெரியவும் இல்லை. 47 வயதில் கண்ணாடி மாற்றப் போன இடத்தில் விழித்திரையைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு எத்தனை வருடமாகச் சர்க்கரை என்று கேட்டார் டாக்டர். இல்லையே என்றாள் அக்கா. அவளுக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் ஆறு வருடம் சும்மா இருந்திருக்கிறீர்கள், அதனால்தான் கோபம் வருகிறது.

ஸ்ட்ரிப் விலை வேறு. மாமியாருக்குக் குத்த மெஷின் இருக்கிறது, கை இருக்கிறது, பொறுமை இருக்கிறது. கடமையைச் செய்கிறீர்கள், நல்ல விஷயம். பெரியவர்களைக் கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நம்புகிறவள்தான் நானும், அதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. ஆனால் வீட்டையே தாங்குகிறவள் விழுந்தால் அந்தப் பாரம் யார் தலையில் இறங்கும்? கணவர் தலையிலா? பெரிய மகளுக்குப் பதினொரு வயது என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா என்றால் எல்லோருக்கும் குத்திப் பார்ப்பாள், தனக்கு மட்டும் பார்த்துக்கொள்ள மாட்டாள் என்று அவள் வாராவாரம் சனிக்கிழமை பாடம் படித்துக்கொண்டிருக்கிறாள். தியாகம் என்று இதற்குப் பெயர் வைக்காதீர்கள், எனக்குப் பிடிக்காது.

உடனே அந்த மெஷினில் குத்திப் பார்த்துவிட்டு "110 தான் இருக்கு" என்று எனக்கு எழுத வேண்டாம். அது ஏற்கெனவே நோய் இருப்பவர் கட்டுப்பாட்டைப் பார்த்துக்கொள்ள. நோய் இருக்கிறதா என்று முடிவுசெய்ய லேப்பில் கை நரம்பில் ரத்தம் எடுக்க வேண்டும். எட்டு மணி நேரமாவது வெறும் வயிறு, முதல் ரத்தம், அப்புறம் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீர், சரியாக இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு ரத்தம். நடுவில் காபி கிடையாது. வெறும் வயிற்றில் 100-க்குள்ளும் இரண்டு மணி நேரத்தில் 140-க்குள்ளும் இருந்தால் நல்லது. வெறும் வயிற்றில் 126-ஐயோ இரண்டு மணி நேரத்தில் 200-ஐயோ தொட்டால் சர்க்கரை நோய், டாக்டர் இன்னொரு முறை பார்த்து உறுதி செய்வார். இடைப்பட்டது எல்லைக்கோடு. மூன்று மாதச் சராசரி சொல்லும் ஹெச்பிஏ1சி-யும் பார்க்கலாம், 5.7-க்குள் இருக்க வேண்டும், ஆனால் ரத்தசோகை இருந்தால் அந்த எண் குழப்பும், நம் வீட்டுப் பெண்களில் ரத்தசோகை இல்லாதவர்களைத் தேடத்தான் வேண்டும். காசுதான் தடை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் என்று வீட்டு வாசலுக்கே வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்க்கிறார்கள். உங்கள் தெருவுக்கு வந்த அம்மாவிடம் மாமியாரைக் காட்டிவிட்டு, எனக்கு ஒன்றும் இல்லை என்று அனுப்பியிருப்பீர்கள், எனக்குத் தெரியாதா.

எல்லைக்கோட்டில் இருந்தால் அழ வேண்டாம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், அந்த நிலையில் இருந்த 531 பேரை மூன்று வருடம் தொடர்ந்து பார்த்து 2006-ல் வெளியிட்டார்கள். சும்மா விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது, சாப்பாட்டைத் திருத்தி நடையைக் கூட்டியவர்களில் சுமார் 39 பேருக்கு. இதில் எனக்குப் பிடித்த விஷயம், திருத்திக்கொண்டவர்களின் எடை பெரிதாகக் குறையவே இல்லை. அப்படியும் பலன் கிடைத்தது. அதனால் "நான் ஒல்லிதானே" என்பதும் செல்லாது, "எனக்கு எடையே குறையமாட்டேங்குது" என்பதும் செல்லாது. தினம் அரை மணி நேரம் வேகமாக நடங்கள், வீட்டு வேலை அதில் சேராது. சாதத்தில் ஒரு கரண்டி குறைத்து அந்த இடத்தில் பொரியலை வையுங்கள். சாதத்தை விட்டுவிட்டு நாலு சப்பாத்தி சாப்பிட்டுவிட்டு டயட் என்று சொல்பவர்களிடம் பேசவே எனக்குப் பொறுமையில்லை. பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததை ராத்திரி பத்து மணிக்கு வழித்துப் போட்டுக்கொள்வதையும் நிறுத்துங்கள், உங்கள் வயிறு குப்பைத்தொட்டி இல்லை. ரிப்போர்ட் நன்றாகவே வந்தாலும் வருடத்துக்கு ஒரு முறை பார்த்தே ஆக வேண்டும். பையன் விஷயத்திலும் கவனம், சர்க்கரை இருந்த வயிற்றில் வளர்ந்த பிள்ளைக்குப் பின்னால் எடை கூடவும் சர்க்கரை வரவும் வாய்ப்பு அதிகம், டப்பா ஜூஸ் வேண்டாம்.

இப்போது உங்கள் வீட்டுக்காரர். அப்பா, அம்மா இருவருக்கும் சர்க்கரை, நாற்பது தாண்டிய வயது, உட்கார்ந்த வேலை. ஆண்களுக்கு இடுப்பளவு 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், ஒரு டேப்பை எடுத்துப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். அப்பாவின் காலை எடுத்ததைப் பார்த்த மகன் அவர், சிரிப்பதெல்லாம் பயத்தில்தான். அவரை இனிக் கெஞ்ச வேண்டாம், நான் லேப்புக்குப் போகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். கூட வந்தால் அவர் கையையும் நீட்டச் சொல்லுங்கள். வராவிட்டாலும் நீங்கள் போங்கள்.

வரும் சனிக்கிழமையே போங்கள், காலை ஏழு மணிக்கு, வெறும் வயிற்றோடு. திரும்பி வர எப்படியும் பத்து மணி ஆகும். அன்றைக்கு மட்டும் மாமியாரின் விரலை அவர் பெற்ற மகன் குத்திப் பார்க்கட்டும்.