பழைய சின்னக் காருக்கு எந்த இன்ஜின் ஆயில்? பெங்களூர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என்னுடையது 2012 பெட்ரோல் ஸ்விஃப்ட், 1,10,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மேனுவலில் 5டபிள்யூ-30 என்று இருக்கிறது. மெக்கானிக்கோ, "வண்டி பழசாயிடுச்சு சார், இனிமே 20டபிள்யூ-50 ஊத்துங்க" என்கிறார். ஊற்றலாமா? (அல்சூர்)

வேண்டாம். ஆயில் குறையவில்லை, சத்தமும் இல்லை என்றால் கிலோமீட்டரைப் பார்த்து மட்டும் கிரேடை மாற்றக் கூடாது.

டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண், குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதைக் காட்டும். பின்னால் உள்ள எண், 100 டிகிரி சூட்டில் அதன் கெட்டித்தன்மை. "நம்ம ஊர்ல என்ன பனியா கொட்டுது?" என்று மெக்கானிக் கேட்டால் அதில் பாதி நியாயம் உண்டு. ஆனால் 40 டிகிரியிலேயே 20டபிள்யூ-50, உங்கள் ஆயிலைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கெட்டி. டிசம்பர் மாதக் காலையில், 15 டிகிரியில் ஸ்டார்ட் செய்யும்போது அந்த இடைவெளி இன்னும் விரியும். மேலே வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டுக்கு ஆயில் ஏறத் தாமதமாகும். அழுத்தம் மிஞ்சி ஆயில் பம்பின் ரிலீஃப் வால்வு திறந்து, ஒரு பங்கு ஆயில் அடியிலுள்ள தொட்டிக்கே (சம்ப்) திரும்பிவிடும். ஃபில்டரைச் சுற்றிப் போகும் பைபாஸ் வழியும் திறந்தால், வடிகட்டாத ஆயில் பேரிங்குக்குப் போகும். உங்கள் கே சீரிஸ் இன்ஜினில் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் ஆயில் அழுத்தத்தை நம்பித்தான் இருக்கிறது. தேய்மானத்தில் கணிசமான பங்கு ஸ்டார்ட் செய்த முதல் சில நிமிடங்களில் நடக்கிறது என்பதால் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்.

மெக்கானிக் உங்களை ஏமாற்றவில்லை. அவர் தொழில் பழகிய காலத்து இன்ஜின்களுக்கு அது பொருந்தியது. நீங்கள் 5டபிள்யூ-30, ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் தரக் குறியீடு) எஸ்என் அல்லது அதற்குப் பின் 2020-இல் வந்த எஸ்பி தரம் பார்த்து வாங்குங்கள். பெட்ரோல் இன்ஜினுக்குப் புதிய தரம் பழைய தரத்துக்குப் பதிலாகச் செல்லும்.

கேள்வி: 2004 ஜென். ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் குறைகிறது, தரையில் ஒரு சொட்டு இல்லை. கெட்டி ஆயில் போட்டால் நிற்குமா? (கே.ஆர்.புரம்)

தரையில் சொட்டவில்லை என்றால் பெரும்பாலும் உள்ளே எரிகிறது. எந்த வழியாகப் போய் எரிகிறது என்று தெரியாமல் ஆயிலை மாற்றுவது, காய்ச்சல் எதனால் என்று பார்க்காமல் மாத்திரை போடுவது மாதிரி.

இரவு முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததும் ஒரு குபுக் நீலப் புகை, பிறகு தெளிவு என்றால் வால்வுத் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் ஸ்டெம் சீல் போயிருக்கும். இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு வந்து மறுபடி மிதிக்கும்போது புகைந்தாலும் அதுவேதான். எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறும்போது, மிதிக்க மிதிக்கத் தொடர்ந்து வந்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங். ஓட்டுபவர் கண்ணுக்கு இது சரியாகத் தெரியாது, பின்னால் ஒருவரை வரச் சொல்லுங்கள்.

அதற்கும் முன்னால், கிராங்க்கேஸில் (இன்ஜினின் அடிப்பகுதி) சேரும் வாயுவை இன்டேக்குக்கு அனுப்பும் பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்கிப் பாருங்கள். கடகடவென்று ஆட வேண்டும். அடைத்திருந்தால் கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறி, ஆயில் சீல்கள் வழியாகவும் இன்டேக் வழியாகவும் வெளியேறும். விலை குறைந்த பொருள், ஆனால் பலர் இதைப் பார்ப்பதே இல்லை.

அடுத்து, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட். அளவு குறைவாக உள்ள சிலிண்டரில், ப்ளக் துளை வழியாக ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வுப் பக்கமோ ஹெட் கேஸ்கெட்டோ. அளவு எல்லாம் சரியாகவே இருந்து காலைப் புகை மட்டும் வருகிறதென்றால் ஸ்டெம் சீல்தான். சிலிண்டரில் காற்றழுத்தம் கொடுத்து, ஹெட்டை இறக்காமலே சீலை மாற்றத் தெரிந்தவர்கள் உண்டு. ரிங் என்றால் இன்ஜின் வேலை.

ரிங் வேலைக்குச் செலவழிக்க மனமில்லை என்றால், அப்போது கெட்டி ஆயிலுக்கு இடம் உண்டு. 30-இலிருந்து 40-க்கு ஒரு படி ஏறுங்கள். குறைவது மட்டுப்படலாம், நோய் தீராது. வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக் பாருங்கள். டேஷ்போர்டில் எரியும் சிவப்பு விளக்கு ஆயில் அளவைச் சொல்வதில்லை, அழுத்தத்தைச் சொல்கிறது. அது எரியும் நேரத்தில் காலம் கடந்திருக்கும், உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் மோர் நுரை மாதிரி படிகிறது. தினமும் குழந்தையைப் பள்ளியில் விட இரண்டு கிலோமீட்டர், அவ்வளவுதான் ஓட்டம். ஹெட் கேஸ்கெட் போய்விட்டதா? (முருகேஷ்பாளையா)

மூடியில் மட்டும் இருந்து, டிப்ஸ்டிக்கில் ஆயில் தெளிவாக இருந்து, கூலன்ட்டும் குறையாமல் இருந்தால் பயப்பட வேண்டாம். எரிபொருள் எரிவதில் உண்டாகும் நீராவி, இன்ஜின் முழுச் சூடு ஏறாததால் வெளியேறாமல் தங்குகிறது. வாரம் ஒருமுறை ஓசூர் பக்கம் 30 கிலோமீட்டர் ஓட்டினால் பெரும்பாலும் போய்விடும். கூலன்ட் குறைந்தாலோ டிப்ஸ்டிக்கிலும் பால் நிறம் தெரிந்தாலோ வண்டியை எடுக்காதீர்கள்.

இப்படி ஓடும் வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது. 3,000 கூட ஓடாவிட்டாலும் வருடம் ஒருமுறை மாற்றுங்கள்.

கேள்வி: பழைய வண்டிக்கு சிந்தெடிக் (செயற்கை) ஆயில் போட்டால் ஒழுகும் என்கிறார்களே?

நல்ல நிலையில் உள்ள ஆயில் சீலை சிந்தெடிக் கெடுக்காது. இறுகி வெடித்த சீலின் விரிசலை இத்தனை நாள் கசடு அடைத்துக்கொண்டிருந்தது, கசடு கரைந்ததும் ஒழுகல் தெரிகிறது. மூடியைத் திறந்தால் கரிக்கசடு அப்பியிருக்கும் வண்டிக்கு சிந்தெடிக்கும் வேண்டாம், கசடைக் கரைத்துக் கழுவும் ஃப்ளஷ்ஷும் வேண்டாம். பெயர்ந்த கட்டி, ஆயில் பம்ப் உறிஞ்சும் இடத்து வலையை (ஸ்ட்ரெய்னர்) அடைத்தால் இன்ஜினே பிடித்துக்கொள்ளும். சாதாரண மினரல் ஆயிலை 1,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஃபில்டரோடு சேர்த்து இரண்டு மூன்று தடவை மாற்றினால் பக்குவமாகச் சுத்தமாகும்.

கேள்வி: டீசல் ஸ்விஃப்ட்டில் மாற்றிய மறுநாளே ஆயில் கறுத்துவிட்டது. போலி ஆயிலா?

டீசலில் கரித்தூள் கலப்பதால் கறுப்பது இயல்பு. நிறத்தை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். டப்பாவில் உங்கள் மேனுவல் சொல்லும் டீசல் தரம் (சிஹெச்-4, சிஐ-4 போன்றவை) இருக்கிறதா என்று பாருங்கள். உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டில் வாங்கினாலும் மூடி சீலையும் பேட்ச் எண்ணையும் சரிபார்த்து, பில்லோடு வாங்குங்கள்.

கேள்வி: வீட்டிலேயே மாற்றலாம் என்றிருக்கிறேன். எதில் தவறு வரும்?

இன்ஜினை ஐந்து நிமிடம் ஓட்டி, அணைத்து, வண்டியை ஜாக்கில் தூக்கி ஜாக் ஸ்டாண்டுகள் மேல் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். மூடியைத் திறந்துவிட்டு ட்ரெயின் போல்ட்டைக் கழற்றி, 15 நிமிடம் வடிய விடுங்கள். வாஷர் புதிது போடுங்கள். போல்ட்டை மிதித்து இறுக்கினால் சம்ப்பின் மரை போய்விடும், நிறையப் பேர் தவறுவது இங்கேதான். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவி, அது தொட்டதும் கையாலேயே முக்கால் சுற்று. பழைய வளையம் இன்ஜினில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டதா என்று தடவிப் பாருங்கள், இரண்டு வளையம் சேர்ந்தால் ஆயில் பீய்ச்சியடிக்கும்.

மேனுவல் சொல்லும் அளவில் அரை லிட்டர் குறைத்து ஊற்றுங்கள். ஸ்டார்ட் செய்து, விளக்கு அணைந்ததும் நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து மீதியை விடுங்கள். மேல் கோட்டைத் தாண்டினால் கிராங்க்ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரைக்க வைக்கும், நுரைக்கு அழுத்தம் வராது. வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் பழைய டப்பாவிலேயே மூடி, கழிவு ஆயில் சேகரிக்கும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள்.