சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் போதை ஏறாதா?

கேள்வி: வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முதல் ஒரு மணி நேரம் எனக்கு ஒன்றுமே தெரிவதில்லை. அந்தத் தைரியத்தில் இரண்டு ரவுண்டு கூடுதலாகப் போய்விடுகிறது, அப்புறம் கிளம்பும் நேரத்தில் மொத்தமாகத் தூக்குகிறது. வயிறு நிறைந்திருந்தால் போதையின் வேகம் குறையும் என்பது உண்மையா? முன்கூட்டியே கொஞ்சம் எண்ணெய் குடித்தால் வயிற்றில் படலம் கட்டிக்கொள்ளும் என்கிறார் நண்பர், அதுவும் சரியா?

பதில்: வேகம் குறையும், அதில் சந்தேகமில்லை. உங்களுக்கு நடப்பதே வேகம் குறைந்ததால் வந்த வினைதான்.

மதுவைச் செரிக்க வேண்டியதில்லை, அப்படியே ரத்தத்துக்குள் போய்விடும். இரைப்பைச் சுவர் வழியாகப் போவது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, மீதியெல்லாம் சிறுகுடல் வழியாகத்தான். ஆகவே மது எவ்வளவு சீக்கிரம் இரைப்பையை விட்டுக் கீழே இறங்குகிறது என்பதுதான் விஷயமே. இரைப்பையின் அடிவாசலில் ஒரு தசை வளையம் இருக்கிறது. வயிறு காலியாக இருந்தால் குடித்தது தடையில்லாமல் இறங்கிவிடும், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் உச்சத்தைத் தொட்டுவிடும். உள்ளே திட உணவு இருந்தால் இரைப்பை அதைக் கூழாக அரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கீழே விடும். ஒரு முழுச் சாப்பாடு இறங்கி முடிய மூன்று நான்கு மணி நேரம் ஆகும், குடித்ததும் அந்த வரிசையிலேயே மாட்டிக்கொள்கிறது. காத்திருக்கும் நேரத்தில் இரைப்பைச் சுவரின் நொதி ஒரு சிறு பகுதியைச் சிதைக்கிறது, கல்லீரலுக்கும் சிறுகச் சிறுக வருவதைச் சமாளிப்பது எளிது. அதனால் உச்சம் தாமதமாகவும் வரும், தாழ்வாகவும் இருக்கும்.

சிக்கல் இங்கேதான். மூளைக்குப் போதை தெரிவது ரத்தத்தில் இருக்கும் அளவால் மட்டுமல்ல, அது எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதாலும்தான். மெதுவாக ஏறினால் தெரியாது. நீங்கள் ‘இன்னும் ஒன்றும் ஆகவில்லையே’ என்று அடுத்ததை ஊற்றும்போது முதல் இரண்டு ரவுண்டில் பாதி இன்னும் வயிற்றிலேயே இருக்கலாம். கிளம்பும்போது தூக்குவது, அதுவரை சேர்ந்து நின்றது எல்லாம் இறங்கி வருவதால்.

வயிறு நிறைந்த ‘உணர்வு’ வேறு, வயிற்றில் சாப்பாடு இருப்பது வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிறையத் தண்ணீரோ சூப்போ குடித்தாலும் வயிறு விரிந்து நிறைந்த மாதிரித்தான் இருக்கும், ஆனால் நீர்ப்பொருள் சீக்கிரம் இறங்கிவிடும், மதுவைப் பிடித்து வைக்காது. மதியம் சாப்பிட்டது மாலையிலும் பசியெடுக்காமல் வைத்திருக்கலாம், ஆனால் இரைப்பை அதற்குள் பெரும்பாலும் காலி. எடை குறைப்பதற்காக இரைப்பை பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பாருங்கள்: நாலு வாய் சாப்பிட்டாலே நிறைந்துவிடும், ஆனால் அந்த அடிவாசல் இப்போது பாதையிலேயே இல்லை, மது நேராகக் குடலில் விழுகிறது, சில நிமிடங்களிலேயே உச்சிக்குப் போய்விடும். பழைய அளவை நம்பிக் குடிப்பது அவர்களுக்கு ரொம்ப ஆபத்து.

எண்ணெய்ப் படலம் என்பதெல்லாம் கதை. எண்ணெய் எந்தச் சுவரையும் பூசி அடைப்பதில்லை. கொழுப்பு குடலுக்குப் போனதும் ‘மெதுவாக அனுப்பு’ என்று இரைப்பைக்குச் சேதி போகிறது, அவ்வளவுதான். புரதமும் மாவுச்சத்தும் இருக்கும் சாதாரணச் சாப்பாடே அந்த வேலையைச் செய்யும். வெறும் எண்ணெய் குடித்தால் குமட்டல்தான் மிச்சம். குடித்து முடித்த பிறகு சாப்பிட்டால் தெளிந்துவிடும் என்பதையும் நம்பாதீர்கள், ரத்தத்தில் கலந்தது திரும்பி வராது.

கணக்கைப் பாருங்கள். 5 சதவீத பீர் 330 மில்லியில் சுமார் 13 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. சராசரி உடம்புக்காரரின் கல்லீரல் ஒரு மணி நேரத்தில் 7, 8 கிராம் முடிக்கும், சாப்பாடு இருந்தால் கொஞ்சம் கூடலாம். ஆக மூன்று பீருக்கு ஐந்து மணி நேரம். சாப்பிட்டிருந்தாலும் வண்டிச் சாவியைத் தொடக்கூடாது, ஏனென்றால் சாவியை எடுக்கும் நேரத்தில் உங்கள் அளவு இறங்குமுகத்தில் இல்லாமல் இன்னும் ஏறிக்கொண்டே இருக்கலாம்.

இதற்காக வெறும் வயிற்றில் குடிப்பதே மேல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கல்லீரல் மதுவோடு மல்லுக்கட்டும்போது சர்க்கரை தயாரிக்கும் வேலை தடைபடும். வயிற்றில் சாப்பாடும் இல்லையென்றால், நீரிழிவுக்காக இன்சுலினோ, கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர்களுக்கு ரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கலாம். தள்ளாட்டம், குழறல் எல்லாம் போதை மாதிரியே இருப்பதால் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் தெரியாது.

உங்களுக்குச் சொல்வது: சாப்பிடுங்கள், ஆனால் எத்தனை என்பதை உட்காரும்போதே முடிவு செய்துவிடுங்கள், ‘தெரியவில்லையே’ என்பதை வைத்து மாற்றாதீர்கள். கூட இருப்பவர் யாராவது அளவு மீறிக் குடித்துவிட்டுப் படுத்தால் தூங்கட்டும் என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள். வயிற்றில் இருப்பது அவர் தூங்கும்போதும் ஏறிக்கொண்டுதான் இருக்கும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எழுப்பினால் எழவில்லை, மூச்சு மெதுவாகவோ விட்டுவிட்டோ வருகிறது என்றால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.