ஆற்று மீனில் பாதரசம்: கேள்வி பதில்

கேள்வி: பெரு நாட்டின் மாத்ரே தே தியோஸ் பகுதியில் தங்கம் எடுப்பவர்கள்தானே பாதரசத்தைக் கையாளுகிறார்கள்? சுரங்கத்துக்கே போகாத ஆற்றங்கரை மக்களின் உடலில் அது எப்படிச் சேருகிறது?

பதில்: பெரும்பாலும் மீன் வழியாகத்தான். அலசிய கரிய மணலில் பாதரசத்தை ஊற்றிப் பிசைந்தால், பொன் துகள்கள் அதனோடு ஒட்டிக்கொள்கின்றன. அந்தக் கலவையைத் துணியில் கட்டிப் பிழிந்து, மிஞ்சும் வெள்ளி நிற உருண்டையைத் தீயில் சூடாக்கும்போது, பாதரசம் ஆவியாகிப் போக மஞ்சள் பொன் மட்டும் எஞ்சுகிறது. அந்த ஆவியை நேரடியாகச் சுவாசிப்பவர் தொழிலாளி. ஆனால் காட்டிலும் நீரிலும் படியும் பாதரசம், காற்றோட்டமில்லாத சேற்றில், குறிப்பாகக் கைவிடப்பட்ட சுரங்கக் குட்டைகளில், நுண்ணுயிர்களால் மெத்தில் பாதரசம் என்ற, உயிர்களின் உடலில் தங்கிச் சேரும் நச்சு வடிவமாக மாறி, சிறு உயிர்களில் தொடங்கி மீனைத் தின்னும் பெரிய மீன்கள் வரை படிப்படியாகச் செறிவு கூடிக்கொண்டே செல்கிறது. அதனால்தான், பொன்னால் ஒரு காசும் காணாத எசெ எஹா போன்ற பழங்குடியினரும் இந்தப் பாதிப்புக்கு ஆளாகிறார்கள். இதைப் பெரும் அநீதியாகவே கருதுகிறேன்.

கேள்வி: நன்றாக வேகவைத்தால் நஞ்சு நீங்காதா?

பதில்: நீங்காது. அது தசையிலுள்ள புரதத்தோடு பிணைந்திருப்பதால், கொழுப்பையோ தோலையோ அகற்றினாலும் பயனில்லை.

கேள்வி: அப்படியானால் மீனையே விட்டுவிடச் சொல்லலாமா?

பதில்: அந்த அறிவுரையில் எனக்கு உடன்பாடில்லை. ஆற்றங்கரை மக்களுக்குப் புரதம் தருவதே மீன்தான். அதை விட்டால் பல வீடுகளில் அந்த இடத்தை நிரப்ப வேறொன்றும் இருக்காது. மோத்தா, தொன்செல்லா, சுங்கரோ போன்ற ஊனுண்ணிக் கெளுத்திகளைக் குறைத்துக்கொண்டு, சேற்றுப் படிவை மேயும் போக்கிசிக்கோவையும், குளங்களில் வளர்க்கும் பாக்கோவையும் உண்பதே நடைமுறைக்கு ஏற்ற வழி. பிரேசிலின் தப்பாஜோஸ் ஆற்றங்கரையில் நடந்த ஆய்வுகளில், ஒரே அளவு மீன் உண்டவர்களுள் பழம் அதிகம் உண்டவர்களின் தலைமுடியில் பாதரசம் குறைவாக இருந்தது. அதற்காகப் பழத்தை மருந்தென்று எண்ணிவிடலாகாது.

கேள்வி: கருவுற்ற பெண்கள் எவ்வளவு உண்ணலாம்?

பதில்: மெத்தில் பாதரசம் நச்சுக்கொடியைக் கடந்து, வளரும் மூளையைத் தாக்குவதால், இங்கே மிகுந்த கவனம் தேவை. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் இணைந்து அமைத்த வல்லுநர் குழு 2003இல் வகுத்த வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இது 96 மைக்ரோகிராம் ஆகிறது. கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் மெத்தில் பாதரசம் உள்ள மீனாக இருந்தால், வாரத்துக்கு 200 கிராமுக்குள் முடிந்துவிடும். தினமும் மீன் உண்ணும் வீட்டில் இது ஓரிரு வேளையிலேயே தீர்ந்துவிடும். உடலில் சேர்ந்ததில் பாதி வெளியேறவே ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆகும் என்பதால், கருவுறுவதற்கு முன்பே மீன் வகையை மாற்றிக்கொள்வது நல்லது.

கேள்வி: அரசுகள் என்ன செய்தன?

பதில்: பெரு அரசு 2016 மே மாதத்தில் பாதரச மாசு காரணமாக மாத்ரே தே தியோஸில் 60 நாள் நெருக்கடி நிலையை அறிவித்தது. 2017இல் நடைமுறைக்கு வந்த, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு மினமாட்டா உடன்படிக்கை, பொன்னும் பாதரசமும் சேர்ந்த கலவையைத் திறந்த வெளியிலும் குடியிருப்புகளிலும் எரிப்பதை ஒழிக்க நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது. ஆவியை மூடிய கலத்தில் குளிர்வித்துப் பிடிக்கும் எளிய கருவி பெருமளவு பாதரசத்தை மீட்டுத் தரும். ஆனால், ஏற்கெனவே சேற்றில் இறங்கியதை அது மீட்காது என்பதால், மீன்களைத் தொடர்ந்து சோதித்து, முடிவுகளை அந்தந்த ஊர் மக்களின் மொழியிலேயே தெரிவிக்கும் பணி இன்னும் நெடுங்காலம் தேவைப்படும்.